‘தனியாவா வந்தே?’ - ஸ்பிதி மலைக் கிராமத்தில் தண்ணீர், எரு, வாரிசு... எல்லாம் எப்படி முடிவாகிறது?

காஸாவிலிருந்து கிப்பருக்குப் போகும் மாலைப் பேருந்தில் அன்று வெளியூர் ஆள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் மாவு மூட்டை, சமையல் எரிவாயு சிலிண்டர், விதைப் பட்டாணிப் பை என்று ஊருக்குச் சாமான் வாங்கிப் போகிறவர்கள். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் என்னை ஒரு ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார். “தனியாவா வந்தே?”

ஆமாம் என்றேன். “அம்மா விட்டாங்களா?”

திருநெல்வேலிப் பக்கம் பேருந்து ஏறினாலும் இதே கேள்விதான், இதே வரிசையில்தான் வரும். எனக்கு வயது 38 என்றதும் அவர் சிரித்துவிட்டார். இறங்கியதும் என் பையில் ஒரு பக்கத்தை அவரே பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் வீட்டில் ஒரு அறை வாடகைக்கு உண்டு. அந்த அறையில்தான் ஆறு இரவுகள் தங்கினேன்.

இது 2024 மே முதல் வாரம். ஸ்பிதி என்றால் நம்மில் பலருக்கும் கீ மடாலமும் நீல வானமும் உள்ள புகைப்படம்தான் ஞாபகம் வரும். புகைப்படத்தில் வராத சில விஷயங்கள் இருக்கின்றன. அந்த ஊரில் வீட்டுக் கழிப்பறை ஏன் மாடியில் இருக்கிறது? வாய்க்கால் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் ஏன் சமமாகப் போவதில்லை? மூத்த மகனுக்கு மட்டும் ஏன் நிலம்? மூன்றும் தனித்தனிக் கேள்விகள் என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கே இருக்கிறது?

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில் ஒரு பகுதி ஸ்பிதி. திபெத் எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்கு. தலைமையிடம் காஸா, சுமார் 3,700 மீட்டர் உயரம். கிப்பர் அதற்கும் மேலே, 4,200 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி ஸ்பிதி முழுவதிலும் 12,000 பேருக்குச் சற்று மேல். நம் ஊரில் ஒரு பேரூராட்சிக்கு இருக்கிற ஜனம்.

போவதற்கு இரண்டு வழி. மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாக வரலாம். ஆனால் 4,500 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்தக் கணவாய் வருஷத்தில் பாதி நாள் பனியில் மூடிக் கிடக்கும். இன்னொன்று சிம்லா, ரெக்காங் பியோ, நாகோ, தாபோ வழி. சுற்று அதிகம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக உயரம் ஏறுவதால் உடம்புக்கு நல்லது. மே மாதம் எனக்கு வேறு வழியும் இல்லை. தனியாகப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: 3,000 மீட்டர் தாண்டிய பிறகு ஒரே நாளில் விறுவிறுவென மேலேறித் தூங்கக் கூடாது. தலைவலியோடு வாந்தி, நடை தள்ளாட்டம், மூச்சுத் திணறல் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும். காஸாவில் இரண்டு நாள் சும்மா கிடந்துவிட்டுத்தான் நான் மேலே போனேன். அப்படியும் கிப்பரில் முதல் இரவு மண்டை இடித்தது.

ஒரு வாளி வெந்நீர்

என் முதல் தப்பு மறுநாள் காலையிலேயே நடந்தது. குளிக்க ஒரு வாளி வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவரை நான் ‘ஆன்ட்டி ஜி’ என்று கூப்பிட்டேன். அவர் பிள்ளைகள் ‘ஆமா’ என்கிறார்கள். திபெத்திய மொழிகளில் அம்மாவுக்கு அதுதான் சொல். இரண்டு நாளில் நானும் ‘ஆமா’வுக்கு மாறிவிட்டேன், நாக்குக்குச் சிரமமே இல்லை.

அவர் தகர அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு வெளியே போனார். அரை மணி நேரம் கழித்து மகளும் அவருமாக, ஆளுக்கு ஒரு கேன் தண்ணீரோடு திரும்பி வந்தார்கள். இரவில் குழாய் உறைந்துவிட்டிருந்தது. ஊருக்குக் கீழே உள்ள ஊற்றிலிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள். அடுப்பில் எரிவது விறகு அல்ல, வறட்டி. கிப்பர் உயரத்தில் விறகுக்கு மரம் கிடையாது. ஒரு வாளி வெந்நீர் என்பது இரண்டு பேருடைய அரை மணி நேரம், ஒரு கூடை வறட்டி.

அதற்குப் பிறகு அந்த ஆறு நாளும் நான் குளிக்கவில்லை. சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்தக் குளிரில் வேர்க்கவும் இல்லை.

கழிப்பறை ஏன் மாடியில்?

ஸ்பிதி வீடு மண்ணால் கட்டியது. தடிமனான சுவர், வெள்ளைச் சுண்ணாம்பு, ஜன்னலைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, தட்டையான கூரை. கூரை மேல் மாட்டுத்தீவனமும் வறட்டியும் அடுக்கியிருக்கும். கீழ்த்தளம் மாடுகளுக்கு, மேல்தளம் மனிதர்களுக்கு. குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 25 டிகிரி வரைகூடப் போகும். அப்போது கீழே மாடுகளின் உடற்சூடும் மேலே அடுப்பும் சேர்ந்துதான் வீட்டைக் காப்பாற்றுகின்றன.

மேல்தளத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அறை. மண் தரையில் ஒரு சதுர ஓட்டை. மூலையில் உலர்ந்த மண், சாம்பல், சாணத்தூள் கலந்த குவியல், அதில் ஒரு மண்வெட்டி. போய்விட்டு, இரண்டு அள்ளு மண்ணை ஓட்டைக்குள் தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான். தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். கீழே உள்ள அறையில் வருஷம் முழுக்க மண்ணும் மற்றதும் அடுக்கடுக்காகச் சேரும். நாற்றம்? நான் பயந்த அளவில் கால்வாசிகூட இல்லை. காற்று அவ்வளவு வறண்டது.

நான் போன நேரம் அந்தக் கீழ் அறையைத் திறக்கும் நேரம். உள்ளே இருந்தது கறுப்பான, பொலபொலவென்ற மண். அதைக் கூடையில் அள்ளி, முதுகிலும் கழுதை மேலும் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோய்க் குவியல் குவியலாகக் கொட்டுகிறார்கள். விதைப்புக்கு முன் ஒரு வாரம் ஊரே இந்த வேலையில்தான் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாமல் நானும் கூடை தூக்கினேன். நான்காவது நடையில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். 70 வயதைத் தாண்டிய தாத்தா ஒருவர் என்னைக் கடந்து போனார், சீட்டி அடித்துக்கொண்டே. தாத்தாவை அங்கே ‘மேமே’ என்பார்கள்.

இங்கே மாட்டுச்சாணம் அடுப்புக்குப் போய்விடுகிறது. மரம் இல்லாத ஊரில் வேறு எரிபொருள் கிடையாது. அப்படியானால் வயலுக்கு எரு எங்கிருந்து வரும்? மனிதர்களிடமிருந்து. இந்தக் கணக்கு ஒரு இடத்தில் உடைந்தால் அடுத்த இடமும் உடையும்.

உடைவது எங்கே என்றால், என்னைப் போன்ற விருந்தாளிகளிடம். பயணிகள் ‘வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா?’ என்று கேட்டுத்தான் அறை எடுக்கிறார்கள். ஒருமுறை தண்ணீர் விட 6 முதல் 10 லிட்டர் செலவு. குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்கும். மண்ணுக்குள் தோண்டிய குழியில், அந்தக் குளிரில் கழிவு மட்குவதும் மிக மெதுவாகத்தான். வயலுக்கு வர வேண்டிய எரு குழிக்குள் போய்விடுகிறது. அதற்குப் பதிலாகக் காசு கொடுத்து உர மூட்டை வாங்க வேண்டும். ஆமா வீட்டிலும் விருந்தாளி அறைக்கு ஒன்று கட்டியிருந்தார்கள். மே மாதம்கூட அதில் தண்ணீர் வரவில்லை. மாடிக்கே போகச் சொன்னார்கள்.

தண்ணீர் யார் கையில்?

ஸ்பிதி மழை மறைவுப் பிரதேசம். பருவமழை மேகம் மலைத்தொடருக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். விவசாயத்துக்கு வருவது பனி உருகும் நீர் மட்டும்தான். மலை உச்சியில் உருகும் நீரை வாய்க்கால் வெட்டி ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். பெயர் ‘குல்’. சில வாய்க்கால்கள் பல கிலோமீட்டர் நீளம். ஊருக்கு மேலே ஒரு சிறு குளம். இரவில் நிரம்பும், காலையில் மடை திறக்கும். வயலுக்கு வயல் கல்லும் புல்கட்டியும் வைத்து அடைத்தும் திறந்தும் விடுவார்கள். நம் ஏரிப் பாசனத்தில் நீர்கட்டி செய்யும் வேலைதான். அவர் நின்று மடை திறப்பதைப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது.

வித்தியாசம் பங்கில் இருக்கிறது. ஊரை முதலில் உருவாக்கிய குடும்பங்களின் வழிவந்த வீடுகளுக்கு ‘பெரிய வீடு’ என்று பெயர். வாய்க்கால் நீரில் உரிமை அவர்களுக்கு. மற்ற வீடுகள் அவர்களிடம் முறை கேட்டோ, விலை கொடுத்தோ, உழைப்பு கொடுத்தோ தண்ணீர் பெற வேண்டும். வாய்க்காலைத் தூர்வாரும் வேலை மட்டும் ஊர்ப் பொது. இது நியாயமா என்று அந்த மேமேவிடம் கேட்டேன். “தண்ணி கொஞ்சம். எல்லாருக்கும் பிரிச்சா யாருக்கும் பத்தாது” என்றார். அவர் பெரிய வீட்டுக்காரர். சின்ன வீட்டில் பிறந்த ஒருவரிடம் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கலாம்; கேட்க எனக்கு வாய்க்கவில்லை.

முன்னே மாதிரிப் பனி விழுவதில்லை என்பதுதான் அடுப்படியில் தினமும் நடக்கிற பேச்சு. இலையுதிர் காலத்திலும் குளிர்கால முன்பாதியிலும் விழும் பனி கெட்டிப்பட்டு, கோடை வரை மெல்ல மெல்ல உருகும். தாமதமாக, மார்ச்சில் விழுகிற பனி சட்டென்று உருகி ஓடிவிடும். விதைக்கிற நேரத்துக்கு வாய்க்காலில் நீர் இல்லாவிட்டால் அந்த வருஷமே போச்சு. அங்கே வருஷத்துக்கு ஒரே ஒரு விளைச்சல்தான்.

அந்த ஒன்றும் இப்போது பெரும்பாலும் பச்சைப் பட்டாணி. முன்பு பார்லியும் கறுப்புப் பட்டாணியும்தான். பார்லியை வறுத்து அரைத்தால் ‘சாம்பா’ - நம் சத்துமாவு மாதிரி. அதை உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து சாப்பிடுவார்கள். (அந்தத் தேநீரைத் தேநீர் என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம்தான். ரசம் என்று நினைத்துக் குடியுங்கள், பிடித்துவிடும்.) சமவெளியில் பட்டாணி குளிர்காலப் பயிர். ஆகஸ்ட், செப்டம்பரில் டெல்லிச் சந்தையில் பச்சைப் பட்டாணி கிடைக்காத நேரத்தில் ஸ்பிதிப் பட்டாணி லாரி ஏறுகிறது; நல்ல விலை. அந்தப் பணத்தில்தான் பிள்ளைகள் சிம்லாவிலும் சண்டிகரிலும் படிக்கிறார்கள். சாம்பா அரைக்கிற வீடுகள் குறைந்துவிட்டன; ரேஷன் அரிசி வந்துவிட்டது. இதைப் பார்த்து ‘ஐயோ, பாரம்பரியம் போச்சே’ என்று புலம்ப எனக்கு உரிமை கிடையாது. நான் சென்னையில் உட்கார்ந்து ஓட்ஸ் சாப்பிடுகிறவள்.

ஒரு வீட்டுக்கு ஒரு வாரிசு

தண்ணீர்க் கணக்கைப் புரிந்துகொண்டால் வாரிசுக் கணக்கும் புரியும். நிலத்தை மகன்களுக்குப் பிரித்துக்கொண்டே போனால் தண்ணீர் முறையும் பிரியும். மூன்று தலைமுறையில் யாரிடமும் ஒரு வயிறு நிரம்பும் நிலம் இருக்காது. அதனால் நிலம், வீடு, தண்ணீர் உரிமை மூன்றும் மூத்த மகனுக்கு. அடுத்த மகன்கள் சிறுவயதிலேயே மடாலத்துக்கு. கிப்பர், சிச்சம் பக்கத்துப் பிள்ளைகள் கீ மடாலத்துக்குப் போவார்கள். மூத்தவன் வாரிசில்லாமல் இறந்துபோனால், துறவி உடையைக் கழற்றிவிட்டுத் தம்பி வந்து வீட்டை ஏற்பதும் உண்டு.

மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆகிப் பொறுப்பேற்றதும் பெற்றோர் பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டுப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டுக்குப் போய்விடுவார்கள். உள்ளூர்ப் பெயர் ‘காங்சுங்’. நேர்பொருள் சின்ன வீடு. நம் ஊர் அர்த்தத்தில் இல்லை! அவர்களுக்கென்று ஒரு துண்டு நிலம் ஒதுக்கப்படும். அந்த மேமேவும் அவர் மனைவியும் அப்படித்தான் இருந்தார்கள். மாமியார்-மருமகள் ஒரே அடுப்படியில் நிற்க வேண்டாம். இந்த ஒரு ஏற்பாட்டை மட்டும் நம் பக்கம் இறக்குமதி செய்யலாம் என்று தோன்றியது.

இப்போது நிலைமை மாறிவிட்டது. இந்த வீட்டு மூத்த மகன் காஸாவில் டாக்ஸி ஓட்டுகிறார். நிலம் அவர் பெயருக்குத்தான் போகும், ஆனால் விதைப்புக்கு இரண்டு நாள் வந்தால் பெரிது. இளையவர் மடாலத்தில். வயலில் எருக் கூடை சுமப்பதும், மாடு கறப்பதும், விருந்தாளிக்குச் சோறு போடுவதும், பட்டாணிக்குக் களை எடுப்பதும் மகள். வயது 31, பட்டதாரி. சண்டிகரில் வேலை பார்த்துவிட்டு, அப்பா இறந்த பிறகு திரும்பி வந்தவர்.

மகளுக்கு?

ஒன்றும் இல்லை. கல்யாணம் ஆகிப் போனால் நகையும் பாத்திரமும். ஆகாவிட்டால் பிறந்த வீட்டில் இருக்கலாம், உழைக்கலாம், சாப்பிடலாம். பத்திரத்தில் பெயர் வராது.

இது வெறும் வழக்கம் இல்லை, சட்டமும் இதில் இருக்கிறது. லாஹௌல்-ஸ்பிதி, கின்னோர் மக்கள் பட்டியல் பழங்குடியினர். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன் பிரிவு 2(2), மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. அதனால் பிரிட்டிஷ் காலத்தில் எழுதிவைத்த ‘வாஜிப்-உல்-அர்ஸ்’ எனும் ஊர் வழக்கப் பதிவேடுதான் இன்னும் செல்லும். 2015-ல் இமாச்சல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மாநிலத்தின் பழங்குடிப் பகுதிகளில் மகள்களும் 1956 சட்டப்படியே சொத்துரிமை பெற வேண்டும் என்று உத்தரவிட்டது. கின்னோர் மகளிர் குழுக்களுக்கு அது பெரிய நம்பிக்கை.

இந்தத் தீர்ப்பைப் பற்றி அந்த மகளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அண்ணன் மேல் கேஸ் போட அவர் தயாரில்லை. “கேஸ் போட்டா நிலம் கிடைக்கும். வாய்க்கால்ல எனக்கு யாரு தண்ணி விடுவா?” என்றார். சட்டம் தந்தாலும் ஊர் தராத ஒன்று அங்கே இருக்கிறது.

நான் திரும்பி வந்து ஒன்றரை வருஷத்துக்குள் அந்தத் தீர்ப்பும் போய்விட்டது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பிரிவு 2(2) தெளிவாக இருக்கும்போது 1956 சட்டத்தைப் பழங்குடியினருக்குப் பொருத்த முடியாது என்று சொல்லி, 2015 உத்தரவின் அந்தப் பகுதியை நீக்கியது. இனி மாற வேண்டுமானால் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும், அல்லது ஊரே வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடைசி இரவு

கடைசி இரவில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து துக்பா குடித்துக்கொண்டிருந்தோம். ஆமா தூங்கப் போய்விட்டார். மகள் கேட்டார்: “உங்க ஊர்ல பொண்ணுங்களுக்கு நிலம் உண்டா, தீதி?”

எனக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. உண்டு என்றேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது; நாடு முழுக்க வந்தது 2005-ல்தான் என்று, எனக்குத் தெரிந்த இந்தியில் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன்.

அவர் கவனமாகக் கேட்டார். பிறகு, “உங்களுக்கு எவ்வளவு வந்தது?” என்றார்.

அப்பா இறந்த மறுவருஷம், சார்பதிவாளர் அலுவலகத்தில், அண்ணனுக்கு நான் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவள். யாரும் மிரட்டவில்லை. “பொறந்த வீட்டு வாசல் திறந்திருக்கணும்ல” என்று அம்மா ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோருமாக ஓட்டலில் போய்ச் சாப்பிட்டோம்.

அதை இந்தியில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. கையெழுத்துப் போடுகிற மாதிரி விரலைக் காற்றில் அசைத்துக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு அடுப்பில் இரண்டு வறட்டி போட்டுவிட்டு, என் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி துக்பா ஊற்றினார்.

காலையில் காஸா பேருந்துக்கு வழியனுப்ப ஆமா மட்டும்தான் வந்தார். மகளுக்கு அன்று தண்ணீர் முறை. பேருந்து ஊரைத் தாண்டித் திரும்பும் இடத்தில், கீழே வயலில், கையில் மண்வெட்டியோடு குனிந்து மடையைத் திறந்துகொண்டிருந்தார்.